வழி பிசகியது கலமா, கணக்கா?

மாலைப் பொழுதில் கோணேசர் மலையின் உச்சியில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கடலும் வானும் ஒன்றோடொன்று கலக்கும் நெடுங்கோடு ஒன்று தெரியும். தெற்கே திரும்பினால் கொட்டியாரக் குடாவும், அதன் மறுகரையில் மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடமும் தோன்றும். மேற்கே திரும்பினாலோ மலைகள் அரணாய்ச் சூழ்ந்து நிற்கும் உள் துறைமுகம். இத்துணை அழகிய துறைமுகத்தை அடைந்த கப்பல்களும் வள்ளங்களும் எத்தனையோ ஆயிரம். அவை யாவும் ஒரே வினாவோடுதான் வந்து சேர்ந்தன: ‘நாம் செல்ல எண்ணிய வழியிலேதான் செல்கின்றோமா?’

அண்மையில் ஒரு நாள், துறைமுகத்தை அடுத்த கரையில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வள்ளம் விட்ட முதியவர் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருந்தோம். “நேரே விட்ட வள்ளம் வேறெங்கோ போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?” என்று கேட்டோம்.

முதியவர் சிரித்தார். “முதலில் கடலைப் பார்க்கிறது, அடியிலே நீரோட்டம் இழுக்குதோ என்று. பிறகு, கரையிலே நான் பிடித்த அடையாளம் சரிதானோ என்று பார்க்கிறது. கடைசியாகத்தான் என்ர வள்ளத்தைப் பார்ப்பன். ஆனால், தம்பி, முதலிலே பார்க்க வேண்டியது அதைத்தான்” என்றார்.

அம்முதியவர் கூறிய மூன்று ஐயங்களையும் நாம் மறக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று வெளியிலிருந்து இழுக்கலாம். நாம் நம்பிய வழிகாட்டியே தவறாய் இருக்கலாம். அல்லது குற்றம் நமது கலத்திலேயே இருக்கலாம். கடலிலே வள்ளம் விடுவோர்க்கு மாத்திரமன்றி, சூரிய மண்டலத்தின் எல்லைக்கு அப்பாலும் கலங்களை அனுப்பிய விஞ்ஞானிகளுக்கும் இம்மூன்றையன்றி நான்காவது ஐயம் ஒன்று இருந்ததில்லை. அவர்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்த ஒரு விலகலின் கதையையே இன்று வாசகர்க்குக் கூற விழைகின்றோம்.

இரும்பு செய்த வஞ்சனை

கதைக்குள் நுழையுமுன் கப்பலோட்டிகளின் அனுபவம் ஒன்றை அறிந்துகொள்வது நன்று. திசைகாட்டியின் காந்த ஊசி வடக்கை நோக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆயின், கப்பலிலே உள்ள இரும்பு அந்த ஊசியைத் தன் பக்கம் சிறிது இழுத்துவிடும். 1801 ஆம் ஆண்டு தொடக்கம் அவுஸ்திரேலியாவின் கரையோரங்களை அளந்த மத்தியூ பிளிண்டேர்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பற் தலைவர், தமது கப்பல் திசை திரும்பும்போதெல்லாம் ஊசியும் ஒரு முறையோடு பிசகுவதைக் கவனித்தார். ஊசியை ஏமாற்றியது கடலன்று, வானன்று. கப்பலில் இருந்த இரும்பே என அவர் கண்டார். அதைச் சரிசெய்வதற்குத் திசைகாட்டியின் அருகே நாட்டப்படும் இரும்புத் தண்டு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மரக்கப்பல்கள் மறைந்து இரும்புக் கப்பல்கள் தோன்றியபின் இத்தொல்லை பன்மடங்காயிற்று. ஆகவே, கப்பலைப் பல திசைகளுக்கும் மெல்லத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் ஊசி எவ்வளவு பிசகுகின்றதெனக் குறித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. தன் கலம் தனக்கே செய்யும் வஞ்சனையை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளும் இந்த அடக்கம், கடலோடிகள் உலகிற்குக் கற்றுத்தந்த பெரும் பாடங்களுள் ஒன்று எனலாம்.

வானில் நிகழ்ந்த இரு விலகல்கள்

இனி வானத்தை நோக்குவோம். 1781 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட யுறேனஸ் என்னும் கிரகம், நியூற்றனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையில் செல்லாது சிறிது விலகிச் சென்றது. விதி தவறோ எனச் சிலர் ஐயுற்றனர். பிரான்சிய அறிஞர் லெவெரியே, அப்பால் இருந்து வேறொரு கிரகம் யுறேனஸை இழுக்கின்றது என்று கொண்டு, அது நிற்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டுக் கூறினார். 1846 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பேர்லின் நகரிலே கல்லே என்பார் தொலைநோக்கியை அத்திசையில் திருப்பிய அன்றிரவே நெப்ரியூன் கிரகம் காட்சியளித்தது. காணாத நீரோட்டம் ஒன்று வள்ளத்தை இழுத்த கதை இது.

வெற்றியால் ஊக்கமுற்ற லெவெரியே, சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள புதன் கிரகத்தின் விலகலுக்கும் இவ்வாறே ஒரு காரணம் தேடினார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் ஒரு கிரகம் உண்டென்று கூறி, அதற்கு வல்கன் என்ற பெயரும் சூட்டப்பட்டது. பலர் பல ஆண்டுகள் தேடினர், வல்கன் அகப்படவில்லை. நூறு ஆண்டுகளுக்கு 43 விகலை அளவேயான அந்தச் சிறு விலகலுக்கு 1915 ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் விடை கண்டார். இம்முறை இழுத்தது மறைந்திருந்த கிரகமன்று; நியூற்றனின் விதியே திருத்தம் வேண்டி நின்றது. கரையிலே பிடித்த அடையாளம் பிழைத்த கதை இது.

ஆகவே, வானத்தில் ஒரு விலகல் தோன்றிவிட்டால் விஞ்ஞானிகளின் நெஞ்சம் படபடப்பதில் வியப்பில்லை. அதற்குப் பின்னே ஒரு புதிய உலகம் இருக்கலாம். ஒரு புதிய விதியும் இருக்கலாம்.

இரண்டு முன்னோடிகள்

1972 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கா ‘பயோனியர் 10’ என்னும் விண்கலத்தை ஏவியது. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அதன் தம்பியாகிய ‘பயோனியர் 11’ புறப்பட்டது. பயோனியர் என்ற சொல்லுக்கு முன்னோடி என்பது பொருள். பெயருக்கு ஏற்பவே இரண்டும் நடந்துகொண்டன. 1973 டிசம்பரில் வியாழனை முதன்முதல் அணுகிய கலம் பயோனியர் 10. 1979 செப்டெம்பரில் சனியை முதன்முதல் அணுகிய கலம் பயோனியர் 11.

ஒவ்வொன்றின் திணிவும் ஏறத்தாழ 260 கிலோகிராம். முதுகிலே 2.74 மீற்றர் அகலமுள்ள ஒரு பெரிய கிண்ண அலைவாங்கி எப்பொழுதும் பூமியை நோக்கியே இருக்கும். சூரிய ஒளி மங்கிய தூரத்தில் மின்சாரம் பெறுவதற்காக, நீண்ட கம்பங்களின் நுனியில் புளுட்டோனியத்தின் வெப்பத்தால் இயங்கும் நான்கு மின்பிறப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. இரு கலங்களும் பம்பரம்போல் மெல்லச் சுழன்றபடியே சென்றன. பம்பரம் சுழலும்வரை சாயாதல்லவா? அதனால், திசையை நிலைநிறுத்த அடிக்கடி வாயுவைப் பீச்ச வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. அவற்றின் பின்னே சென்ற வொயேஜர் கலங்களோ அடிக்கடி வாயுவைப் பீச்சியே நிலைபெற்றன. ஆகவே மிக நுண்ணிய விசையொன்று தாக்கினாலும் அதைக் காட்டிக்கொடுக்கும் தகுதி பயோனியர்களுக்கே வாய்த்தது.

அக்கலங்கள் எங்கே செல்கின்றன, எவ்வேகத்தில் செல்கின்றன என்பதை எவ்வாறு அறிவது? புகையிரதம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து போனபின் தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். இதற்கு டொப்ளர் விளைவு என்று பெயர். வானொலி அலைக்கும் இவ்விதி பொருந்தும். பூமியிலிருந்து ஓர் அலையை அனுப்பி, கலம் அதைத் திருப்பி அனுப்புகையில் அதன் மீடிறன் எவ்வளவு மாறியிருக்கின்றது என்று பார்த்தால் கலத்தின் வேகத்தை வெகு நுட்பமாய்க் கூறிவிடலாம்.

ஓர் இலங்கையின் நீளம்

இவ்வாறு அளந்துகொண்டிருந்த அமெரிக்க விஞ்ஞானி ஜோன் அன்டர்சன் 1980 ஆம் ஆண்டளவில் ஒன்றைக் கவனித்தார். சூரியன், கிரகங்கள் ஆகிய எல்லாவற்றின் ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்த பின்பும், கலங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. சூரியனின் திசையிலே ஏதோ ஒன்று அவற்றைப் பின்னே இழுப்பதுபோல் தோன்றிற்று.

எவ்வளவு இழுப்பு? பூமி நம்மை இழுக்கும் ஆர்முடுகலோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. செக்கனுக்கு 229 கோடி முறை அதிரும் அலையில், எட்டு ஆண்டுகள் கழிந்தபின் கண்ட வேறுபாடு ஒன்றரை அதிர்வு மாத்திரமே. ஆயினும் சிறு துளி பெருவெள்ளமன்றோ? இந்த இழுப்பு ஓராண்டு இடைவிடாது தொடர்ந்தால் கலம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர் பிந்திவிடும். அதாவது, பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நமது இலங்கையின் முழு நீளம் எவ்வளவோ அவ்வளவு.

அதே ஓராண்டில் பயோனியர் 10 சென்ற தூரமோ ஏறத்தாழ 38 கோடி கிலோமீற்றர். 38 கோடியில் 435 தானே, போகட்டும் என்று விட்டிருக்கலாம். பிறர் விட்டிருப்பர். அவர்கள் விடவில்லை. அன்டர்சனும், மைக்கேல் நீற்றோ, ஸ்லாவா துரிஷெவ் முதலியோரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1998 ஆம் ஆண்டில் இவ்விலகலை உலகுக்கு வெளியிட்டனர்.

வெளியிட்டதும் பௌதிக அறிஞர் உலகம் பரபரப்புற்றது. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று இழுக்கின்றது என்றனர் சிலர். நெடுந்தூரத்தில் நியூற்றனும் ஐன்ஸ்ரைனும் கண்ட விதிகள் செல்லுபடியாகா என்றனர் வேறு சிலர். அண்டம் விரிந்துகொண்டு செல்லும் வீதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் வரும் தொகை, இந்த விலகலின் அளவுக்கு மிக அண்மையில் இருந்தமை அவர்களின் ஆவலுக்கு நெய் வார்த்தது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுந்தன. நீரோட்டத்தையும் அடையாளத்தையும் பலர் ஆராய்ந்தனர். வள்ளத்தை முழுமையாய்ச் சோதிக்கவோ தக்க சான்றுகள் கையில் இருக்கவில்லை.

குப்பைக்குப் போகவிருந்த நாடாக்கள்

கலத்தின் மீது ஐயம் முதலிலேயே எழுந்ததுண்டு. கலத்தில் எரியும் வெப்பம் ஒரு பக்கம் மிகுதியாய் வெளியேறினால் அது கலத்தைத் தள்ளுமே என்று சிலர் கூறினர். ஆனால் அதை நிலைநாட்டக் கலத்தின் எந்த உறுப்பு எந்த ஆண்டில் எவ்வளவு சூடாயிருந்தது என்ற விவரம் வேண்டும். கலமோ கோடானுகோடி கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. பயோனியர் 11 இன் தொடர்பு 1995 ஆம் ஆண்டிலேயே அற்றுவிட்டது. பயோனியர் 10 இன் கடைசிக் குரல் 2003 ஆம் ஆண்டு ஜனவரியில், 11 மணி நேரத்துக்கு மேல் பயணஞ்செய்து பூமியை வந்தடைந்தது. இனி அக்கலங்களிடம் கேட்பதற்கு வழியில்லை.

ஆயின், அவை தம் வாழ்நாளெல்லாம் அனுப்பிய செய்திகளில் அந்த விவரங்கள் யாவும் இருந்தன. கலத்தின் பல இடங்களிலும் பொருத்தியிருந்த கருவிகள் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் இடையறாது அறிவித்தே வந்தன. அச்செய்திகள் பழைய காந்த நாடாக்களில் கிடந்தன. அவற்றை வாசிக்கும் இயந்திரங்களே அருகிவிட்டன. பழம் பதிவுகள் பயனற்றவையெனக் கழிக்கப்படும் காலமும் நெருங்கிற்று. நல்லூழாக, பயோனியர் பணியில் ஈடுபட்டிருந்த லரி கெலொக் என்பார் அத்தொலையளவைப் பதிவுகளைப் பேணி வைத்திருந்தார். விண்வெளியில் ஆர்வங்கொண்ட பொதுமக்களின் சங்கமாகிய கிரகவியற் சங்கம், தன் உறுப்பினரின் நன்கொடையால் இம்முயற்சிக்குத் துணைநின்றது. கனடாவைச் சேர்ந்த விக்டர் தோத் என்பார் துரிஷெவ்வோடு சேர்ந்து, பழைய பதிவுகளை இன்றைய கணினிகள் வாசிக்கத்தக்கதாய் மாற்றியமைத்தார்.

ஒரு பெரிய உண்மை, சில பழைய நாடாச் சுருள்களில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது என்பதை எண்ணும்போது நமக்கு உடல் சிலிர்க்கின்றது. நம் வீடுகளிலும் ஏடுகளும் குறிப்புப் புத்தகங்களும் ‘யாருக்கு வேண்டும்?’ என்று எறியப்படும் வேளைகளில் இதை நினைவுகூர்தல் தகும்.

சூடு தள்ளிய கலம்

2012 ஆம் ஆண்டில் விடை வெளிவந்தது. கலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கணினியிலே உருவாக்கி, பழைய பதிவுகளில் இருந்த வெப்ப அளவுகளை அதில் இட்டு, எத்திசையில் எவ்வளவு வெப்பம் வெளியேறியது என்று துரிஷெவ் குழுவினர் கணித்தனர். ஜேர்மனியிலும் போர்த்துக்கல்லிலும் வேறு குழுவினர் தனித்தனியே கணித்துக் கண்டதும் அதுவே. மின்பிறப்பாக்கிகளிலிருந்து எழுந்த வெப்பத்தில் ஒரு பகுதி கிண்ண அலைவாங்கியின் பின்புறத்தில் பட்டுத் திரும்பிற்று. கருவிகள் இருந்த பெட்டியின் வெப்பமும் பெரும்பாலும் பின்புறமாகவே வெளியேறிற்று. கிண்ணத்தின் முகம் பூமியையும் சூரியனையும் நோக்கியிருந்தமையால் அதன் பின்புறம் அண்டவெளியை நோக்கியிருந்தது. ஆகவே வெப்பம் அப்பால் போயிற்று. கலம் இப்பால் தள்ளுண்டது.

வெப்பக் கதிர் எவ்வாறு தள்ளும் என்று கேட்கலாம். ஒளிக்கும் வெப்பக் கதிருக்கும் நிறையில்லையெனினும் உந்தம் உண்டு. துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்கையில் துப்பாக்கி பின்னே உதைப்பதுபோல, கதிர் பாயும் பொருளும் மிக மிக மெல்லப் பின்னே உதைபடும்.

மாணவர்கள் தாமே இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். கலங்கள் புறப்பட்டபோது மின்பிறப்பாக்கிகள் வெளியிட்ட வெப்பம் ஏறத்தாழ 2,500 வாற்று. விலகலை விளக்குவதற்கு அதில் ஒருபக்கமாய்ப் போகவேண்டியது ஏறத்தாழ 63 வாற்றே. ஒரு சாதாரண மின்குமிழின் அளவு. 63 ஐ ஒளியின் வேகமாகிய செக்கனுக்கு 30 கோடி மீற்றரால் வகுத்தால் விசை கிடைக்கும்: ஒரு நியூற்றனில் ஏறத்தாழ 48 இலட்சத்தில் ஒரு பங்கு. அரிசி மணி ஒன்றை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூற்றை உள்ளங்கையில் வைத்தால் அது எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே. எரிபொருளிற் சிறிது செலவான பின் கலத்தின் திணிவை 250 கிலோகிராம் எனக் கொண்டு அவ்விசையை வகுத்தால், அன்டர்சன் கண்ட ஆர்முடுகலுக்கு மிக நெருங்கிய தொகை வந்து நிற்கும்!

மற்றுமொரு சான்றும் அகப்பட்டது. புளுட்டோனியம் நாளடைவில் தேய்வது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 88 ஆண்டுகள். இழுத்தது புதிய ஈர்ப்பு விதியாயின் அது என்றும் ஒரே அளவாய் இருந்திருக்க வேண்டும். விலகலோ ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் குறைந்து வந்தமை பதிவுகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது. அடுப்பு ஆற ஆற உதையும் ஆறிற்று. நியூற்றனும் ஐன்ஸ்ரைனும் தப்பினர். கப்பலின் இரும்பு ஊசியை ஏமாற்றியதுபோல், கலத்தின் சூடே கணக்கை ஏமாற்றியிருந்தது.

தென்கடலில் வீழ்ந்த விருந்தாளி

இவையெல்லாம் எங்கோ அண்டவெளியில் நடப்பவை, நமக்கென்ன என்று எண்ணவேண்டா. ஒளி தள்ளும் இந்த மெல்லிய உதையே 2015 ஆம் ஆண்டில் நம் வாசலுக்கும் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்க வானியலார் ஒரு சிறு பொருளைக் கண்டனர். நிலவுக்கும் அப்பால் சென்று மீளும் நீண்ட பாதையில் அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ‘டபிள்யூ.ரி. 1190 எப்’ என்று பெயரிட்டனர்.

அதன் பாதையைக் கணித்தபோது, ஈர்ப்பு ஒன்றினால் மாத்திரம் அதை விளக்க முடியவில்லை. சூரிய ஒளி அதைச் சற்றே தள்ளிக்கொண்டிருந்தது. கல்லாயின் ஒளி இவ்வளவு தள்ளாது. காற்றிலே கல் பறப்பதில்லை, சருகே பறக்கும். தள்ளுண்ட அளவிலிருந்து அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்களவே என்று கண்டனர். எனவே அது வானத்துக் கல்லன்று, மனிதன் செய்து எறிந்த வெற்றுக்கூடு என்று தெளிந்தனர். நவம்பர் 13 ஆம் நாள் முற்பகலில், இலங்கையின் தென்கரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் அப்பால், கடலின் மேலே அது தீப்பிழம்பாய் எரிந்து மறைந்தது. கணித்த நாளும் இடமும் பிழைக்கவில்லை. அது 1998 ஆம் ஆண்டில் நிலவுக்கு ஒரு கலத்தைச் செலுத்திய ரொக்கெட்டின் பகுதியாய் இருக்கலாம் எனப் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சி கருதிற்று.

கையால் தொடாத ஒரு பொருள் உள்ளே வெறுமையானது என்பதை அதன் விலகலே சொல்லிவிட்டது. பயோனியர்களின் விலகல் அவற்றின் உள்ளே இருந்த வெப்பத்தைச் சொன்னதுபோலவே இதுவும்.

கோணேசர் மலையடியில் மூழ்கியவர்

விண்வெளியையும் திருகோணமலையையும் ஒருங்கே அறிந்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். ஆதர் சி. கிளார்க் 1956 ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையைத் தம் இல்லமாக்கிக்கொண்டு, 2008 ஆம் ஆண்டில் இங்கேயே கண்மூடிய எழுத்தாளர். அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர்.

அதே கிளார்க்தான் 1945 ஆம் ஆண்டில், பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும், உலகெங்கும் செய்தி பரப்ப உதவும் என்று எழுதியவர். 1963 ஆம் ஆண்டில் ‘சின்கொம் 2’ என்னும் செய்மதி அவ்வுயரத்தை அடைந்தது. அங்கும் ஒரு விலகல் காத்திருந்தது! செய்மதி கிழக்கு மேற்காக மெல்ல நழுவிற்று. ஆராய்ந்தபோது, பூமியின் நடுக்கோடு சரியான வட்டமன்று, சற்றே நீண்ட வட்டம் என்பது உறுதியாயிற்று.

கவனிப்பாரற்ற செய்மதிகள், கிண்ணத்தில் இட்ட கோலிக்குண்டுபோல, இரண்டு இடங்களை நோக்கி நழுவி அவற்றின் இருபுறமும் ஊசலாடும். அவ்விரு இடங்களுள் ஒன்று கிழக்கு நெடுங்கோடு 75 பாகை அளவில் உள்ளது. திருகோணமலையின் நெடுங்கோடு 81 பாகை. நமது தென்மேற்கு வானில், இந்துமாகடலுக்கு நேர் மேலே, உழைத்து ஓய்ந்த செய்மதிகள் ஊசலாடும் இடம் உண்டென்று எண்ணும்போது இரவு வானம் வேறு பொருள் தருகின்றதல்லவா?

இன்னும் அவிழாத முடிச்சு

எல்லா விலகல்களுக்கும் விடை கிடைத்துவிட்டதா? இல்லை. தொலைதூரம் செல்லும் கலங்கள் சில, வேகம் பெறுவதற்காகப் பூமியின் அருகே ஒரு முறை வந்து வளைந்து செல்வதுண்டு. 1990 டிசம்பரில் அவ்வாறு வந்த கலிலியோ என்னும் கலம், கணித்ததைவிடச் செக்கனுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் கூடிய வேகத்தோடு சென்றது. 1998 ஜனவரியில் வந்த ‘நியர்’ என்னும் கலத்துக்குக் கூடியது 13 மில்லிமீற்றர். செக்கனுக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் செல்லும் கலத்துக்கு இது எறும்பு ஊரும் வேகந்தான். ஆயினும் அளக்கும் கருவிகளின் பிழை இதனினும் மிகச் சிறியது. 2005 ஆம் ஆண்டில் ரொசெற்றா கலத்திலும் செக்கனுக்கு 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த மிகை காணப்பட்டது.

2008 ஆம் ஆண்டில் அதே அன்டர்சனும் தோழர்களும் பூமியின் சுழற்சியோடு இதைத் தொடர்புபடுத்தும் ஒரு சூத்திரம் கூறினர். ஆனால் ரொசெற்றா 2007 இலும் 2009 இலும் மீண்டும் வந்தபோதும், 2013 இல் ஜூனோ கலம் வந்தபோதும் அத்தகைய மிகை தோன்றவில்லை. ஒரு சமயம் வருவதும் மறு சமயம் வராமற் போவதுமாகிய இந்தச் சிறு விலகலுக்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இதுவரை இல்லை. காணாத ஓட்டமா, பிழைத்த அடையாளமா, கலத்தின் குற்றமா? மூன்று வாயில்களும் திறந்தே கிடக்கின்றன. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் ஒருவர் நாளை அவற்றுள் ஒன்றினுள் நுழையக்கூடாதென்று எவர் கூறமுடியும்?

அவ்வாறு நுழைவோர்க்குப் பயோனியர்கள் கற்பித்தவை மூன்று. விலகல் சிறிதெனத் தள்ளாதிருத்தல் ஒன்று. பழைய பதிவுகளைப் போற்றுதல் மற்றொன்று. உலகின் விதியைக் குற்றங்கூறுமுன் தன் கலத்தைச் சோதித்தல் மூன்றாவது. விடை ‘வெறும் சூடு’தான் என்று அறிந்தபோது சிலர் ஏமாற்றமுற்றிருப்பர். நமக்கோ அதில் ஏமாற்றமில்லை. ஒரு மின்குமிழின் வெப்பம் கோடானுகோடி கிலோமீற்றருக்கு அப்பால் செய்த உதையை, பூமியில் இருந்தபடியே மனிதன் அளந்து, முப்பது ஆண்டுகள் விடாது துரத்தி, பெயர் சொல்லிப் பிடித்துவிட்டான் என்பது எளிய செயலன்று.

பயோனியர் 10 இப்பொழுது குரலற்றுச் சென்றுகொண்டிருக்கின்றது. அதன் முகம் திரும்பிய திசையில் ரோகிணி நட்சத்திரம் உள்ளது. அவ்வளவு தூரத்தைக் கடக்க 20 இலட்சம் ஆண்டுகளாவது செல்லும். அதன் சூடும் ஆண்டுக்கு ஆண்டு ஆறுகின்றது. அதனை இனி யாரும் அளக்கப்போவதில்லை.

அன்று மாலை துறைமுகக் கரையை விட்டு நாம் எழுந்தபோது, முதியவர் கரையேற்றிய தம் வள்ளத்தின் அடியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. வள்ளம் எங்கும் விலகவுமில்லை. ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். “நாளைக்குப் போகிற வள்ளமல்லவா, தம்பி” என்றார்.